மூன்று மாதம் முழுத்தானியம் சாப்பிட்டும் எல்.டி.எல். ஏன் இறங்கவில்லை?

கேள்வி இதுதான். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 158 என்று வந்திருக்கிறது. மாத்திரை தொடங்குமுன் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், முழுத்தானியம் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மைதாவையும் தீட்டிய அரிசியையும் ஒதுக்கி, முழுக்கோதுமைக்கும் தவிடு நீக்காத அரிசிக்கும் மாறி மூன்று மாதம் ஆயிற்று. மறுபடி சோதித்தால் 155. இவ்வளவுதானா முழுத்தானியத்தின் மகிமை, எல்லாம் விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எல்.டி.எல்.லை இறக்குவது என்ற ஒரு வேலைக்கு மட்டும் பார்த்தால், நீங்கள் பிடித்த இரண்டு தானியங்களுமே அதில் சோடை. அந்த வேலையைச் செய்வதாக உறுதியான நிரூபணம் இருப்பது ஓட்ஸுக்கும் பார்லிக்கும்தான். அவை செய்வதும் ஓரளவுக்குத்தான். ஆறு வாரத்தில் 158-ஐ 100 ஆக்கும் தானியம் எதுவும் கிடையாது.

ஒரு தானியமணியில் மூன்று பாகம் உண்டு. வெளியே தவிடு, அதில் நார்ச்சத்தும் தாது உப்புகளும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. ஓர் ஓரத்தில் முளைக்கரு. எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் அதில். மீதி பெரும்பகுதி மாவுச்சத்து. தீட்டும்போது முதல் இரண்டும் போய் மூன்றாவது மட்டும் நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது முழுத்தானியம். மணியாக இருக்கலாம், உடைத்திருக்கலாம், மாவாக அரைத்திருக்கலாம். மூன்றும் முதலில் இருந்த அதே விகிதத்தில் இருந்தால் போதும். இதுவரை எல்லாத் தானியமும் ஒன்றுதான். வேறுபாடு நார்ச்சத்தில் தொடங்குகிறது.

நார்ச்சத்தில் கரையாதது, கரைவது என்று இரண்டு வகை. கோதுமைத் தவிட்டில் இருப்பது பெரும்பாலும் கரையாதது. மலச்சிக்கலுக்கு அதைப் போல நல்லது கிடையாது, ஆனால் ரத்தக் கொழுப்பை அது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் இருக்கிறது. ஓட்ஸில் உலர் எடையில் 4 முதல் 5 சதவீதம், பார்லியில் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ. ரை என்ற தானியத்தில் ஏறக்குறைய 2 சதவீதம். கோதுமையில் 1 சதவீதத்துக்கும் கீழே. அரிசியில் பேருக்குக்கூட இல்லை. ஓட்ஸை வேகவைத்தால் கரண்டியில் வழுவழுவென்று இழுபடுகிறதே, அந்த வழுவழுப்புதான் பீட்டா குளுக்கான். குடலுக்குள்ளும் அது அப்படியே இழுபடுவதால்தான் கொலஸ்ட்ரால் குறைகிறது.

எப்படி என்று பார்ப்போம். கொழுப்பைச் செரிக்கப் பித்த அமிலங்கள் தேவை. கல்லீரல் அவற்றைக் கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாரிக்கிறது. உடலில் எந்நேரமும் இருக்கும் பித்த அமிலத்தின் மொத்த அளவு சில கிராம்தான். அது சிறுகுடலுக்குள் இறங்கி, வேலையை முடித்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 95 சதவீதம் இப்படித் திரும்பிவிடும். ஒரு நாளில் பல சுற்று. உடல் மகா சிக்கனக்காரன். மலத்தோடு வீணாவது நாளொன்றுக்கு அரை கிராம் அளவுதான்.

பீட்டா குளுக்கான் குடலில் தண்ணீரை இழுத்துக் கூழாகும்போது இந்தச் சிக்கனம் கெடுகிறது. பித்த அமிலத்தில் ஒரு பங்கு அந்தக் கூழில் சிக்கி, உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் இறங்கிவிடுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். எனவே கல்லீரல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு, ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களை அதிகமாக உள்ளே இழுக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் எண் இறங்குவது இதனால்தான். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொலஸ்டிரமைன் என்ற பழைய மருந்து பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் இதே வழியில்தான். ஓட்ஸ் அதன் பலவீனமான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழிகளும் சொல்லப்படுகின்றன. பெருங்குடல் பாக்டீரியாக்கள் இந்த நாரை நொதிக்கவைக்கும்போது உண்டாகும் புரோப்பியோனேட் என்ற கொழுப்பு அமிலம் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிறது என்பார்கள். விலங்குகளில் தெரிந்த அளவுக்கு மனிதர்களில் அது தெளிவாக இல்லை. முளைக்கருவில் உள்ள தாவர ஸ்டெரால்கள் கொலஸ்ட்ராலோடு போட்டியிட்டு உறிஞ்சலைக் குறைக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 2 கிராம் அளவுக்கு ஸ்டெரால் தேவை. தானியத்திலிருந்து கிடைப்பதை மில்லிகிராம் கணக்கில்தான் சொல்ல வேண்டும். கூழ் செய்யும் வேலைதான் பிரதானம்.

இந்தக் கதை 60 வருஷம் பழையது. 1963-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடுவயது ஆண்கள் சிலருக்கு வழக்கமான ரொட்டிக்குப் பதிலாக, நாளுக்கு 140 கிராம் ஓட்ஸ் கலந்த ரொட்டி கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 11 சதவீதம் இறங்கிற்று. சிறிய ஆய்வு, அளவும் எக்கச்சக்கம். ஆனாலும் பொறி பற்றிக்கொண்டது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் ஓட்ஸ் தவிடு என்றால் ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. கேக்கில், பிஸ்கட்டில், வறுவலில் எல்லாம் அதைத் தூவி விற்றார்கள்.

அந்த ஆரவாரத்தின்மேல் 1990 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் குளிர்நீர் ஊற்றியது. நலமாக இருந்த 20 பேருக்குச் சில வாரம் ஓட்ஸ் தவிடும், சில வாரம் நார் குறைந்த கோதுமையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. இரண்டிலுமே கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ஒரே அளவு, 7 முதல் 8 சதவீதம் இறங்கிற்று. அப்படியானால் ஓட்ஸில் தனி மகிமை எதுவும் இல்லை, வயிறு நிறையத் தானியம் சாப்பிட்டதால் கொழுப்புப் பண்டம் உள்ளே போவது குறைந்தது, அதனால்தான் கொலஸ்ட்ரால் இறங்கியது என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். ஓட்ஸ் தவிட்டு மோகம் சட்டென்று படுத்துவிட்டது.

இந்த ஆய்வை நான் இன்றும் மதிக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் வெறும் 20 பேர். கொலஸ்ட்ரால் சாதாரணமாகவே இருந்தவர்கள். உயர்ந்திருப்பவர்களிடம்தான் ஓட்ஸின் பலன் நன்றாகத் தெரியும். 1992-இல் 20 பரிசோதனைகளைச் சேர்த்து அலசியபோது இது தெளிவாயிற்று. சராசரியாக மொத்தக் கொலஸ்ட்ராலில் 5, 6 புள்ளி இறக்கம்; தொடக்கத்திலேயே 229-க்கு மேல் இருந்து, நாளுக்கு 3 கிராம் கரையும் நாராவது சாப்பிட்டவர்களிடம் 16 புள்ளி அளவுக்கு இறக்கம். (புள்ளி என்று நான் சொல்வது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கை.) 1997-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் தரும் ஓட்ஸ், கொழுப்புக் குறைந்த உணவோடு சேர்ந்து இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பொட்டலத்தில் அச்சிட அனுமதித்தது. சில வருஷங்களில் பார்லிக்கும் அதே அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவும் 3 கிராம் என்ற எல்லையையே ஏற்றுக்கொண்டது.

இங்கே சந்தேகக்காரர்களுக்காக ஒரு வரி: அந்த அமெரிக்க அனுமதிக்கு விண்ணப்பம் போட்டதே ஓர் ஓட்ஸ் நிறுவனம்தான். ஓட்ஸ் ஆய்வுகளில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அலசலும் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. அதற்காக முடிவு பொய்யாகிவிடாது. அது செயல்படும் விதம் தெரிகிறது, பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஒரே அளவில் பலன் வருகிறது. எண்களைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, இப்போதைய கணக்கு என்ன? 2014-இல் வெளிவந்த தொகுப்பாய்வு 28 பரிசோதனைகளைச் சேர்த்தது. நாளுக்கு 3 கிராமோ கூடுதலோ ஓட்ஸ் பீட்டா குளுக்கான் சாப்பிட்டவர்களிடம் எல்.டி.எல். சராசரியாக லிட்டருக்கு 0.25 மில்லிமோல் (இது கொலஸ்ட்ராலை அளக்கும் இன்னொரு அலகு), அதாவது 10 புள்ளிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.லிலும், ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடிலும் மாற்றம் இல்லை. பார்லிக்கும் கிட்டத்தட்ட இதே அளவு. எல்லாவகை முழுத்தானியங்களையும் ஒன்றாகப் போட்டு 2015-இல் 24 ஆய்வுகளை அலசியபோதோ எல்.டி.எல். இறக்கம் வெறும் 0.09 மில்லிமோல், மூன்றரைப் புள்ளி. அந்தக் கூட்டத்திலும் முன்னால் நின்றது ஓட்ஸ்தான். உங்கள் 158, 155 ஆனது இந்தச் சராசரிக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அதைக்கூடப் பலனாக எண்ணிவிடாதீர்கள். எதையும் மாற்றாமல் இருந்தாலே ஒருவருடைய எல்.டி.எல். இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் 3 புள்ளியைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

உங்களுக்கு உண்மையாகப் பயன்படப்போகும் தகவல் ஒன்று உண்டு, இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஓட்ஸ் சாப்பிட்டாலும் எல்லா ஓட்ஸும் ஒரே பலன் தராது. பீட்டா குளுக்கான் நீண்ட சங்கிலி வடிவ மூலக்கூறு. சங்கிலி நீளமாக இருந்தால்தான் குடலில் கூழ் கெட்டியாகும். தொழிற்சாலையில் அதிக வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பொரித்தெடுக்கும்போது சங்கிலி துண்டுதுண்டாகிவிடுகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், நான்கு வாரம், ஒப்பிடுவதற்குக் கோதுமைத் தவிட்டுத் தானியம். நீளச் சங்கிலி பீட்டா குளுக்கான் 3 கிராம் சாப்பிட்டவர்களிடம் எல்.டி.எல். 5.5 சதவீதம் குறைவு. சங்கிலி உடைந்த பீட்டா குளுக்கானை 4 கிராம் சாப்பிட்டவர்களிடமோ 2.3 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். அளவு கூடுதல், பலன் பாதி.

ரொட்டியிலும் இதே சிக்கல். மாவைப் பிசைந்து புளிக்கவிடும்போது மாவில் இருக்கும் நொதிகளே பீட்டா குளுக்கானை அரித்துவிடும். நெதர்லாந்தில் 2003-இல் ஓட்ஸ் பீட்டா குளுக்கானை ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கலந்து கொடுத்தார்கள், பலன் தெரியவில்லை. அதையே ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொடுத்தபோது எல்.டி.எல். 6.7 சதவீதம் இறங்கியது. ஆகவே "ஓட்ஸ் பிஸ்கட்" என்ற பண்டத்தைப் பார்த்தால் கடந்துபோய்விடுங்கள். அதில் சேரும் சர்க்கரையும் பாமாயிலும் கொலஸ்ட்ராலுக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பது தனிக் கதை. ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுவதுதான் சுலபமும் நிச்சயமும். உடைத்த ஓட்ஸோ தட்டிய ஓட்ஸோ, கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தச் சர்க்கரைக்கு உடைத்தது மேல்.

எவ்வளவு வேண்டும்? 3 கிராம் பீட்டா குளுக்கான் கிடைக்க உலர்ந்த ஓட்ஸ் ஏறக்குறைய 75 கிராம். ஓட்ஸ் தவிடு என்றால் 40, 50 கிராம் போதும். 75 கிராம் என்பது காலையில் ஒப்புக்கு இரண்டு கரண்டி கிளறிச் சாப்பிடும் அளவு இல்லை. ஒரு வேளையில் முடியாவிட்டால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏதாவதொரு வேளையில் ஓட்ஸுக்குப் பதிலாக பார்லி வேகவைத்துச் சேர்க்கலாம். பார்லியில் ஒரு வசதி உண்டு. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் வெளிப்பக்கம் அதிகம் ஒட்டியிருக்கும். பார்லியிலோ மணி முழுக்கப் பரவியிருக்கும். அதனால் மெருகேற்றிய வெள்ளை பார்லியிலும் கணிசமான அளவு தங்கிவிடுகிறது. கண்டிப்பாகச் சொன்னால் அது முழுத்தானியமே இல்லை. ஆனாலும் எல்.டி.எல். விஷயத்தில் முழுக்கோதுமையைவிட அதற்கே மதிப்பெண் அதிகம்.

அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை. தவிடு நீக்காத அரிசியில் கரையும் நார் மிகக் குறைவு. அரிசித் தவிட்டின் எண்ணெய்க்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் குணம் உண்டு. கொழுப்பு நீக்காத தவிட்டைத் தனியாக நிறையக் கொடுத்த ஆய்வுகளில் அது தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு தட்டுச் சோற்றில் அந்தத் தவிடு எவ்வளவு வரும்? சிறுதானியங்களுக்கும் ஆய்வுகள் வரத் தொடங்கியிருக்கின்றன, நம்பிக்கை தருகின்றன. ஓட்ஸ் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த கையிருப்பு அவற்றுக்கு இன்னும் சேரவில்லை.

இனி 1990 ஆய்வுக்குத் திரும்புகிறேன். ஓட்ஸுக்குத் தனிப் பலன் இல்லை என்று அவர்கள் சொன்னது தவறாகப் போனது. ஆனால் தானியம் எதை இடம்பெயர்க்கிறது என்பது முக்கியம் என்று சொன்னார்களே, அது இன்றுவரை நிற்கிறது. எல்.டி.எல்.லை உணவில் பெரிதும் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு: வெண்ணெய், நெய், கொழுப்பு நிறைந்த இறைச்சி, பாமாயில், தேங்காயெண்ணெய். அந்தக் கொழுப்பு கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது, அதாவது ஓட்ஸ் செய்வதற்கு நேர் எதிர். நீங்கள் மைதாவை எடுத்துவிட்டு முழுக்கோதுமையை வைத்தீர்கள். மைதா எல்.டி.எல்.லை ஏற்றுகிற பொருளே இல்லை. அதை எடுத்ததால் எல்.டி.எல். எப்படி இறங்கும்? இதுவே ஒரு வேளைக் கொழுப்புப் பண்டத்தை எடுத்துவிட்டு அதே முழுக்கோதுமையை வைத்திருந்தால் இறங்கியிருக்கும்.

இதற்கு நல்ல சாட்சி 2003-இல் டேவிட் ஜென்கின்ஸ் குழு டொராண்டோவில் நடத்திய பரிசோதனை. கொலஸ்ட்ரால் உயர்ந்த 46 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழுக்கோதுமைத் தானியமும் கொழுப்பு குறைத்த பாலுணவும் கொண்ட, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைந்த உணவு. இன்னொன்றுக்கு அதே உணவோடு லோவாஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாம் சேர்ந்த உணவு. ஒரு மாதத்தில் எல்.டி.எல். முதல் பிரிவில் 8 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 30.9 சதவீதம், மூன்றாவதில் 28.6 சதவீதம் இறங்கியது. முதல் பிரிவின் 8 சதவீதத்தைக் கவனியுங்கள். நீங்கள் சாப்பிட்ட அதே முழுக்கோதுமைதான், நிறைவுற்ற கொழுப்பை வெட்டியதால் அவ்வளவு இறங்கியது. மூன்றாவது பிரிவின் எண்ணைப் பார்த்து மாத்திரையே வேண்டாம் என்று குதித்துவிடக் கூடாது. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தயாரித்தே கொடுத்தார்கள். பின்னால் 2011-இல் மக்களுக்கு ஆலோசனை மட்டும் சொல்லி, வீட்டில் அவர்களே சமைத்துச் சாப்பிடவிட்டபோது ஆறு மாதத்தில் 13, 14 சதவீதம்தான் இறங்கிற்று. அதுவும் லேசுப்பட்டதல்ல.

அப்படியானால் முழுக்கோதுமையும் தவிட்டு அரிசியும் வீண்தானா? இல்லை, தயவுசெய்து மைதாவுக்குத் திரும்பிவிடாதீர்கள். தீட்டிய மாவும் சர்க்கரையும் டிரைகிளிசரைடை ஏற்றும், எச்.டி.எல்.லை இறக்கும். அந்தப் பக்கத்தில் உங்கள் மாற்றம் நல்லது செய்திருக்கக்கூடும், அறிக்கையில் எல்.டி.எல். வரிக்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் மூன்று மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவிர, இதயநோய் என்ற பெரிய கணக்கில் முழுத்தானியத்தின் இடம் கொலஸ்ட்ராலைவிட விரிந்தது. 2016-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், நாளுக்கு 90 கிராம் முழுத்தானிய உணவு கூடும்போது இதயத் தமனி நோய் அபாயம் 19 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. மூன்றரைப் புள்ளி எல்.டி.எல். இறக்கத்தால் மட்டும் அவ்வளவு வர வாய்ப்பே இல்லை. ரத்த அழுத்தம், இன்சுலின், உடல் எடை, குடல் பாக்டீரியா என்று பல வழிகள் சேர்கின்றன. முழுத்தானியம் சாப்பிடுகிறவர்கள் புகைப்பது குறைவு, நடப்பது அதிகம் என்ற காரணமும் அதில் கலந்திருக்கிறது. ஆய்வாளர்கள் கணக்கில் கழிக்கப் பார்த்தாலும் முழுதாகக் கழிந்துவிடாது. 2017-இல் காக்ரேன் அமைப்பு சீரற்ற முறையில் பிரித்து நடத்திய பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது தேறியது 9, கலந்துகொண்டவர்கள் 1,414 பேர். இதயநோயைத் தடுக்கும் என்று சொல்ல அதில் ஆதாரம் போதவில்லை என்றுதான் எழுதினார்கள். நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் பலம் வேறு, பரிசோதனைகளின் பலம் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறபோது முழுத்தானியத்தின் பக்கம் நிற்பதே நியாயமாக எனக்குப் படுகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: பல தானியக் கலவை என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதில் பல தானியம் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி, அத்தனையும் தீட்டியதாக இருக்கலாம். பழுப்பு நிறம் வெல்லப்பாகாலும் வரும். உட்பொருள் பட்டியலில் முதல் பெயர் முழுத்தானியமா என்று பாருங்கள். 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 கிராம் நாராவது இருக்கிறதா என்ற கணக்கும் ஓரளவு உதவும்.

சில எச்சரிக்கைகள். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு படுத்தும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது. ஓட்ஸில்கூட கோதுமை கலக்காதது என்று உறுதி சொன்ன பொட்டலத்தையே அவர்கள் வாங்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் நார் மிகுந்த உணவையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, மருந்து உறிஞ்சப்படுவது குறையும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும்.

எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலோ, ஏற்கெனவே இதயநோய் வந்திருந்தாலோ தானியத்தை நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது. சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். ஏற்பிகளில் கோளாறு இருக்கிறது. ஏற்பியை நம்பித்தான் ஓட்ஸ் வேலை செய்கிறது என்று மேலே பார்த்தோம். அவர்களுக்கு ஓட்ஸ் துணைக்கு வரலாம், சிகிச்சையாகாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 158 என்பது உங்கள் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் வைத்து மருத்துவர் எடைபோட வேண்டிய எண். இன்னும் கொஞ்சகாலம் உணவில் முயலலாம் என்று அவர் சம்மதித்தால் நான் சொல்வது இது. முழுக்கோதுமையும் தவிட்டு அரிசியும் அப்படியே இருக்கட்டும். அவற்றில் ஒரு பங்கைக் குறைத்து, வேகவைத்த ஓட்ஸ் அல்லது பார்லியில் 3 கிராம் பீட்டா குளுக்கானை நாள் தவறாமல் சேருங்கள். வெண்ணெய், நெய், பொரித்த பண்டம் எவ்வளவு உள்ளே போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அங்கே கை வைக்காமல் ஓட்ஸை மட்டும் கூட்டினால் பாதிப் பலன்தான். பயறு, பருப்பு, கொண்டைக்கடலை நாளுக்கு 130 கிராம் அளவு சேர்த்த பரிசோதனைகளில் எல்.டி.எல். 0.17 மில்லிமோல், ஆறேழு புள்ளி இறங்கியிருக்கிறது. இசப்கோல் 10 கிராம் சேர்த்தால் 0.33 மில்லிமோல் வரை, கிட்டத்தட்ட 13 புள்ளி. இவற்றை அப்படியே கூட்டிக் கணக்குப் போட முடியாது, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று சேரும்.

பலன் நான்கு வாரத்திலேயே தெரியத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், முன்பு வெறும் வயிற்றில் கொடுத்திருந்தால் இப்போதும் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். 140-ஐ ஒட்டி வந்தால் உணவு வேலை செய்திருக்கிறது. இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை சோதித்து உறுதி செய்துகொள்ளலாம். ஓட்ஸை நிறுத்தினால் எண் சில வாரத்தில் பழைய இடத்துக்கே போய்விடும், ஏனென்றால் குடலின் பித்த அமிலச் சிக்கனம் மறுபடி தொடங்கிவிடும்.

ஒருவேளை மருத்துவர் ஸ்டேட்டின் வகை மாத்திரை (மேலே சொன்ன லோவாஸ்டேட்டின் அதில் ஒன்று) எழுதிக்கொடுத்தால் இனி ஓட்ஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டேட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிறது, ஓட்ஸ் குடல் வழியாகப் பித்த அமிலத்தை வெளியேற்றுகிறது. இரண்டும் வேறு வேறு வாசல் என்பதால் பலன் கூடும். ஸ்டேட்டின் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால்கூடக் கூடுதலாகக் கிடைக்கும் எல்.டி.எல். இறக்கம் ஏறக்குறைய 6 சதவீதம்தான். ஒழுங்காக வேகவைத்த 75 கிராம் ஓட்ஸ் தருவதும் கிட்டத்தட்ட அதே அளவு.